பானுவுக்கு உடம்பு சரியில்லை

அக்டோபர் 6, திங்கள்

ஜவுளிக் கடையில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. பில் போடும் இடத்தில் உட்கார்ந்தால் தலை நிமிர முடிவதில்லை. தி.நகரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

பானு கதவருகில் இல்லை. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து கத்த ஆரம்பிப்பவள். இன்று பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் படுத்திருந்தாள். மீன் அவித்து முள் எடுத்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

வயதாகிவிட்டது, பூனைக்கு. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் கிடந்த குட்டி. என்னைப் பெற்ற அம்மி முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். பேர் வைத்ததும் அம்மிதான்.

அக்டோபர் 7

இரண்டு தடவை வாந்தி. வெறும் தண்ணீர்தான்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் ஆழ்வார்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் பெயர் ஸ்ரீலக்ஷ்மி. சின்ன வயதுதான், அவசரமில்லாத கை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கிறது என்றார். தோலுக்கடியில் சலைன் ஏற்றிப் பார்ப்போம், ஒரு வாரம் தினமும் கொண்டு வாருங்கள் என்றார்.

கடைக்குப் போகத் தாமதம். மாடி மேனேஜர் வெங்கடேஷ் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. நான், பானுவுக்கு உடம்பு சரியில்லை சார், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன் என்றேன். உடனே அவர் முகம் மாறியது. தங்கச்சிக்கா, என்ன ஆச்சு என்று கேட்டார்.

தங்கச்சி.

இந்தக் கடையில் சேர்ந்தபோது வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். அம்மி போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நானும் பானுவும் என்றேன். அவர்களாகவே தங்கச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. தனியாக இருக்கும் பெண்ணிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஏன் என்று. பானு எனக்கு அந்தக் கேள்வியை மிச்சப்படுத்தினாள். அப்புறம் பழகிவிட்டது. பானு சாப்பிடலை, பானுவுக்கு வெயில் ஒத்துக்கலை, பானு காத்திருப்பா. எதுவுமே பொய் இல்லை.

இன்று கிட்னி என்றேன். அதுவும் பொய் இல்லை.

அக்டோபர் 11, சனி

தினமும் காலையில் சலைன். ஊசி குத்தும்போதுகூடக் கத்துவதில்லை. தினமும் தாமதமாகத்தான் கடைக்குப் போகிறேன். யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. அதுதான் என்னவோ போலிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் சொர்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப் பிரிவில் நிற்பவள், சாத்தான்குளம் பக்கம். கடை விடுதியில் பத்துப் பேரோடு ஒரே அறையில் இருக்கிறாள். கலகலவென்று பேசுபவள் இன்று குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, பானுவுக்கு ரத்தம் கித்தம் வேணுமாக்கா? நான் ஓ பாசிட்டிவ். கூச்சப்படாம சொல்லுங்க.”

வேண்டியிருக்காது என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடினேன். இப்போதே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. சொன்னால் தாமதமாக வர விடுவார்களா? நாளைக் காலை சலைன்? பூனைக்கா இத்தனை நாள் லேட்டா வந்தே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஊரில் அவளுடைய குலசாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். பானு எழுந்து நடந்தால் தீபாவளி லீவில் போகும்போது பொங்கல் வைப்பதாக.

அக்டோபர் 16, வியாழன்

டாக்டர் இன்று சலைன் ஏற்றவில்லை. பானுவின் வாயைத் திறந்து ஈறைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது, உள்ளே புண். இனிமேல் ஏற்றுவது அவளுக்காக இல்லை, நமக்காகத்தான் என்றார். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம், வலி இருக்காது, யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

நான் யார் யோசிக்க? உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? ஆனால் அவள் தண்ணீர்க் கிண்ணத்தில் தாடையை வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் இருக்கிறாள். யாரிடம் கேட்பது? அம்மி இருந்திருந்தால் திட்டியிருப்பார், அழுதிருப்பார், ஏதோ ஒரு முடிவும் சொல்லியிருப்பார்.

கீழ் வீட்டு ஹாஜிரா பீயிடம் போனேன். வீட்டுக்காரம்மா. பின்பக்கத்தில் கொஞ்சம் மண் தரையிருக்கிறது, அங்கே புதைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். மோட்டார் பக்கம் வேண்டாம், முருங்கை மரத்தடியில் பார்த்துக்கொள் என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

முடிந்தது.

எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது நடந்தது என்று சொல்ல என்னைத் தவிர ஒருவருமில்லை.

காய்கறிக் கூடையில் அம்மியின் பழைய வாயில் புடவையை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “இன்னாமா, பூனைக்கு ஒடம்பு சரியில்லியா? கம்முனு கீது” என்றார். ஆமாம் என்றேன். வெளியில் ஒரு மனிதரிடம் பூனை என்று நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை மெதுவாக விட்டார்.

கிளினிக்கில் ஒருவர் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். அது துள்ளிக்கொண்டு வந்து கூடைக்குள் மூக்கை நுழைத்தது. பானு காதைக்கூட அசைக்கவில்லை. போன மாதமாக இருந்தால் ரணகளமாகியிருக்கும்.

டாக்டர், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியில் இருக்கிறீர்களா, உள்ளே இருக்கிறீர்களா என்றார். உள்ளேதான் என்றேன்.

இரும்பு மேசை ஜில்லென்றிருந்தது. அதனால் கூடையிலிருந்து புடவையோடு தூக்கி மேசையில் விட்டேன். முதல் ஊசி மயங்குவதற்கு. அது ஏறுவதற்குள் பேச வேண்டுமானால் பேசுங்கள் என்று டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

என்ன பேசுவது? இத்தனை வருடமும் அவளிடம்தானே பேசினேன், கடையில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது எல்லாம். நெற்றியில் அந்தக் கறுப்புத் திட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். பானு, பானும்மா. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகலடி. அவ்வளவுதான் சொன்னேன். என் கட்டைவிரலை ஒரு தடவை நக்கினாள். நாக்கு உலர்ந்து போயிருந்தது. கண் மூடவில்லை, ஆனால் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது ஊசி. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். யாராவது இறந்தால் சொல்லும் இன்னாலில்லாஹியை வாய் தானாகச் சொன்னது. பூனைக்குச் சொல்லலாமா, தெரியாது.

முருங்கை மரத்தடியில் தோண்டினேன். மழையில் மண் இளகியிருந்தது. ஹாஜிரா பீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகழுவிவிட்டு மாடி ஏறும் வரை அங்கேயே நின்றார்.

வீடு இவ்வளவு பெரிதா?

அக்டோபர் 18, சனி

கடைக்குப் போனேன். தீபாவளிக்கு இரண்டு நாள், போகாமல் முடியாது. சொர்ணம் என் முகத்தைப் பார்த்தாள். போயிட்டாளா என்றாள். தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பில் கவுண்டருக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் பார்க்க.

எத்தனை வருடமாயிற்று யாராவது என்னைத் தொட்டு! நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அவள் யாருக்காக அழுகிறாள்?

வெங்கடேஷ் சார் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 22, புதன்

வந்துவிட்டார்கள். சொர்ணமும், என் பக்கத்துக் கவுண்டரில் பில் போடும் சிந்துவும். ஆபீஸில் விலாசம் வாங்கி, நனைந்துகொண்டே, பிரெட்டும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு. இந்த வீட்டுக்குள் கடை ஆட்கள் வந்தது இதுதான் முதல் முறை.

இருக்கிற ஒரே கட்டிலில் உட்கார்ந்தார்கள். சிந்து சுவரைப் பார்த்தாள். பானு அக்கா போட்டோ இல்லையா என்று கேட்டாள்.

இனி முடியாது. என் போனில் இருந்த படத்தை எடுத்து நீட்டினேன். பீரோ மேல் ஏறி உட்கார்ந்து முறைக்கும் படம்.

“இதுதான் பானு.”

சிந்து சிரித்துவிட்டாள். பதற்றத்தில் வந்த சிரிப்பு, பாவம். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சொர்ணம் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எங்க சாமிட்ட போய் பொம்பளப் பிள்ளைன்னுலா வேண்டிக்கிட்டேன்” என்றாள்.

ஈரக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சிந்து பின்னாலேயே ஓடினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 28

வெங்கடேஷ் சார் கூப்பிட்டார். தாமதமாக வந்த நாட்களுக்கெல்லாம் சம்பளப் பிடித்தம். சரி சார் என்றேன். என்னைப் பார்க்காமலேயே பேசினார். யாரோ என் கவுண்டருக்குப் பின்னால் மியாவ் என்றார்கள். நான் பில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொர்ணம் சாப்பாட்டு அறையில் அடுத்த வரிசைக்கு மாறிவிட்டாள்.

அக்டோபர் 31

மழை. மீன்காரரைக் கை காட்டி நிறுத்திவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

கடை மூடும் நேரத்தில் சொர்ணம் என் கவுண்டருக்கு வந்தாள். கையில் மடிக்க வேண்டிய புடவைகள். என்னைப் பார்க்காமல் மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அது சாகும்போது கூட யாருக்கா இருந்தா?”

“யாருமில்ல. டாக்டர் இருந்தாங்க.”

“குழி தோண்டினது?”

“நான்தான்.”

இன்னொரு புடவையை மடித்தாள். விளிம்பைச் சரிபார்த்தாள்.

“பூனைன்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன்லாக்கா” என்றாள். “நீங்க அத ஏன் நெனைக்கல?”

மன்னிச்சுக்கோ என்றேன். அவள் சரி என்று சொல்லவில்லை. புடவைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உண்மையாகவே நான் ஏன் அதை நினைக்கவில்லை?

நவம்பர் 18, செவ்வாய்

வார விடுமுறை. எனக்கும் சொர்ணத்துக்கும் இந்த மாதம் ஒரே நாள். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் வந்து நின்றாள். விடுதியில் தண்ணீர் வரவில்லை, துணி துவைக்கணும்க்கா என்று ஒரு பை. துவைத்தாள். காயப்போட இடமில்லாமல் என் சமையலறைக்குள் கயிறு கட்டினாள். முருங்கை மரத்தடியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது, தெரிகிறது.

மதியம் சாப்பிட்டதும் கட்டிலில் சும்மா சாய்ந்தவள் தூங்கிப்போனாள். பத்துப் பேர் இருக்கும் அறையில் பகலில் எங்கே தூங்குவது? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். குறட்டைகூட வருகிறது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுப்ப மனம் வரவில்லை. ஃபேனை ஒரு எண் குறைத்துவிட்டு வந்தேன்.