ஓரடி முன்னால் நின்றவருக்கு

அத்தான்,

இன்று காலை லென்ஸ் டப்பாவைத் திறந்தேன். வறுத்த அரிசி வாசம் வந்தது. வாசத்தோடு நீங்களும் வந்தீர்கள், கூப்பிடாமலே. அது உங்களுக்குப் பழக்கம்தான்.

மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படியாமல் இருக்க ஒரு கைப்பிடி அரிசியை வறுத்து, துணியில் முடிந்து, டப்பாவுக்குள் போட்டு வைப்பேன். அதை முதன்முதலில் பார்த்த அன்று நீங்கள் கேட்டீர்கள்: “என்னா மாப்ள, லென்ஸுக்கு இப்பவே வாய்க்கரிசி போட்டுட்டியா?” வீடே சிரித்தது. என் மனைவி கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா புருசன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்கும் உரிமை நம் குடும்பத்தில் எந்த மைத்துனனுக்கும் கிடையாது.

இறந்தவர்களைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பார்கள். ஆகவே நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தீர்கள். சனிக்கிழமைதோறும் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுப்பீர்கள். காய் இளசாக இருக்கும். நல்லது முடிந்தது.

என் கேமரா ரஷ்யாவில் செய்தது. மதுரையில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் வாங்கினேன். தூக்கினால் அம்மிக் குழவியைத் தூக்கியது போல இருக்கும். அதன் ஐம்பது எம்.எம். லென்ஸில் எல்லாமே கைவேலை. கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். முதலில் எல்லாம் கரைந்து கிடக்கும். திருப்பத் திருப்ப, கொடியில் காயும் பாவாடையின் ஓரம் முதலில் வரும், அடுத்து மகளின் காது, அதன் பின் இமை மயிர். இன்னும் ஒரு நூல் திருப்பினால் இமையும் போய், பின்னால் தொங்கும் சிறுமலை வாழைத்தார் வந்துவிடும். அந்த ஒரு நூல் அளவு இடத்தில்தான் என் சந்தோஷம் முழுவதும் இருந்தது. பள்ளியில் நாற்பது பேருக்குப் பானிப்பட்டுப் போர்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு, ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வெளியே கொண்டுவருவது எவ்வளவு பெரிய ஓய்வு என்று லாரி புக்கிங் செய்கிறவருக்கு விளங்காது.

“தலையில எண்ணெய வச்சுக்கிட்டு நிக்கிறேன், இப்பப் போயி எடுக்குறீகளே” என்பாள் மனைவி. அந்தப் படம்தான் நன்றாக வரும்.

உங்களிடம் இருந்தது உங்கள் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த ஆட்டோஃபோகஸ் கேமரா. பொத்தானை அழுத்தினால் ஒரு சிணுங்கல், ஒரு வெளிச்சம், முடிந்தது. “நீ அந்தக் கிணத்து ராட்டினத்தச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள புள்ளக வளந்துருங்க மாப்ள” என்பீர்கள். அந்தக் கேமராவை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டீர்கள். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

அம்மா படம் எடுத்துக்கொள்ள மாட்டாள். எந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்தாலும் அம்மா இருந்த இடத்தில் ஒரு முந்தானைதான் இருக்கும். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களில், எப்படியோ சம்மதித்தாள். ஒரு நிபந்தனை: வேலை செய்துகொண்டேதான் இருப்பாள். “சும்மா உக்காரச் சொன்னா பொணத்த உக்கார வச்ச மாதிரி இருக்கும்ப்பா.” அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்தாள். பூண்டு உரித்தாள். ஒரு தடவை நான் வளையத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்தாள். நாலு வாரம், முப்பத்தாறு படம், முப்பத்தாறும் அம்மா.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். ஜன்னல் மேடையில் இருந்த என் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். “இதுல எங்கிட்டுப்பா ஃபிலிம் போடுவ?” என்று கேட்டுக்கொண்டே குமிழை மேலே இழுத்தீர்கள். அம்மாவின் ஃபிலிம் உள்ளே இருக்க, கேமராவின் பின்கதவு திறந்துகொண்டது.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். “அத்தான், மூடுங்க!” என்று கத்தினேன். மூடினீர்கள். அதோடு விட்டிருந்தால்கூட உள்சுற்றில் நாலைந்து அம்மா தப்பியிருப்பாள். ஆனால் நீங்கள் நியாயமான மனிதர். என்ன கெட்டுப்போனது என்று சரிபார்க்க விரும்பினீர்கள். மறுபடி திறந்து, ஃபிலிமை நாடா மாதிரி முழுசாக உருவி, சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்கள்.

“ஒரு படமும் தெரியலயே மாப்ள. ஒழுங்கா எடுத்தியா நீ?”

கழுவாத ஃபிலிமில் படம் தெரியாது என்று விளக்கினேன். வெயில் பட்டால் அதற்குப் பின் எப்போதுமே தெரியாது என்றும் விளக்கினேன். என் குரல் உயர்ந்ததும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீங்கள் ஃபிலிமைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: “இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா? அத்தை எங்க போயிறப் போறாக? நாளைக்கு எடு.”

அம்மா தவக்காலம் தொடங்கும் முன்பே போய்விட்டாள்.

நடுவில் இரண்டு மாதம் இருந்ததே, நான் ஏன் மறுபடி எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். “ஒருதரம் உக்காந்தாச்சுல்ல, போப்பா” என்றாள். எனக்கும் திருப்புதல் தேர்வு விடைத்தாள் குவிந்து கிடந்தது. நாளைக்கு என்று நானும் நினைத்தேன். இந்தப் பகுதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பழி முழுவதும் உங்களுக்கே சேரட்டும் என்ற மரியாதைதான் காரணம்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சடிக்க வேண்டும். அம்மாவின் வாக்காளர் அட்டைப் படம் இருந்தது. அதில் போலீஸ் தேடும் ஆள் போல இருந்தாள். மிஞ்சியது உங்கள் குவைத் கேமராவில் எடுத்த ஒரு படம், அக்காவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. உங்கள் கேமரா நடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். இரண்டு தலைக்கும் நடுவில் இருந்தது சுவர்க் காலண்டர். அதைத்தான் பார்த்திருந்தது. ஒருசந்தி விரத நாளுக்குப் போட்ட சின்னச் சிவப்புக் குறிகூடத் துல்லியமாக இருந்தது. அம்மா பால் ஆடை படிந்தது போல இருந்தாள். அதை வெட்டித்தான் அட்டை போட்டோம்.

கோயில் வாசலில் அட்டையை வாங்கிப் பார்த்து, நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள்: “அத்தை மொகத்துல ஒரு ஒளிவட்டம் இருக்கு பாத்தியளா? புனிதவதி மாதிரி.”

அன்றுதான் முடிவு செய்தேன்.

நான் வரலாற்று ஆசிரியன். பழிவாங்கியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். யானை வைத்திருந்தார்கள், விஷம் வைத்திருந்தார்கள், கோட்டையை இடித்து எள் விதைத்தார்கள். என்னிடம் ஒரு வளையம் இருந்தது.

குடும்பப் படம் என்றால் நீங்கள் நடுவில் நிற்பீர்கள். அதோடு விடாமல் வரிசையை விட்டு ஓரடி முன்னால் நிற்பீர்கள். மற்றவர்கள் உங்கள் பின்னணி. லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்து, பின்வரிசையில் இருக்கும் அக்காவின் மூக்குத்திக்கு வளையத்தைத் திருப்பினால், அந்த ஓரடி போதும். அக்கா தெளிவு, பிள்ளைகள் தெளிவு, சுவரில் பல்லி தெளிவு, நீங்கள் மட்டும் கரைந்து போவீர்கள். நான் பொய் சொல்லவில்லை, உங்கள் முகத்தைக் கீறவில்லை. நீங்கள் நின்ற இடம் அப்படி.

வெயிலில் இந்த வித்தை பலிக்காது. துவாரத்தைச் சுருக்கினால்தான் படம் தேறும், சுருக்கினால் எல்லோரும் தெளிந்துவிடுவார்கள். அதனால் உங்களை எப்போதும் நிழலுக்கு அழைத்துப் போனேன். “வெயில்ல நிக்காதீக அத்தான், இப்படி வாங்க.” என் மரியாதையைப் பார்த்து அக்கா பூரித்தாள். “எந்தம்பி மாதிரி உண்டா” என்று சின்னாளப்பட்டிச் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள்.

பதினொரு வருடம். பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, காதுகுத்து, உங்கள் புது வீடு மந்திரிப்பு, உங்கள் மூத்தவள் கல்யாணம், சிறுமலைக்குப் போய்ப் பஸ் கிடைக்காமல் திரும்பி நடந்த நாள். பேரன் ஞானஸ்நானத்தில் உங்கள் மடியில் இருந்த பிள்ளையின் கால் விரல் நகம் வரை கொண்டுவந்தேன். பிள்ளையைப் பிடித்திருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. சட்டைக்கு மேலே ஒரு புகை. அந்தப் படத்தை நானே பல நாள் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இசைக் கலைஞர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல.

போன வருடம், ஒட்டன்சத்திரத்தில் கேரளத்துக்குப் போகிற லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதைக் கீழே நின்று சத்தம் போட்டு நடத்திக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றார்கள். எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா வந்தாள், கையில் ஒரு சேலைப் பெட்டி. உள்ளே நான் எடுத்துக் கொடுத்த படங்கள் அத்தனையும்.

“கல்லறைக் கல்லுல அவுக படம் பதிக்கணும்ப்பா. தெளிவா ஒண்ணு குடு.”

“இதுலயே பாக்கலாமேக்கா.”

“இதுல இல்லையே. அதான் உங்கிட்ட வந்தேன். நெகட்டிவ் வச்சிருப்பேல்ல?”

எல்லா நெகட்டிவும் இருந்தன. இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் தேர்ந்த கைவேலைக்காரன் அத்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. உங்கள் கேமராவில் நீங்கள் இல்லை. அதைத்தான் யாரிடமும் கொடுத்ததில்லையே. உங்கள் வாக்காளர் அட்டையிலும் போலீஸ் தேடும் ஆள்தான் இருந்தார்; அக்கா வேண்டாம் என்றாள். உங்கள் கல்யாணப் படத்தில் இருந்த மீசைக்காரப் பையனைப் பேரன் “இது யாரு?” என்று கேட்டான். ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த ஆள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இல்லாத மூக்க நான் எங்கிட்டுப் போயி எடுத்துட்டு வாரது?”

அக்காவிடம் இல்லை என்று சொன்னேன்.

“பதினோரு வருசத்துல ஒண்ணுகூடவா?”

அவள் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பின்பக்கத்தில் நீல மையில், லாரி ரசீதில் எழுதுகிற உங்கள் கையெழுத்து. பேரப்பிள்ளைகளுக்காக எழுதியது.

‘இடமிருந்து இரண்டாவது உங்கள் ஆச்சி. நடுவில் மங்கலாகத் தெரிவது நான். எடுத்தது மாப்பிள்ளை.’

அடுத்த படம், அதற்கடுத்தது. வீடு மந்திரித்த நாளிலிருந்து எல்லாவற்றிலும். ஆட்கள்தான் மாறினார்கள். கடைசி இரண்டு வரி மாறவில்லை.

“அன்னைக்கே பாத்துட்டாக” என்றாள் அக்கா. “‘உந்தம்பி என்னையக் கலைச்சு விடுறான்டி’ன்னாக. நான் கேக்கட்டான்னேன். ‘கேக்காத. அத்தை படத்துக்குப் பதிலுக்கு எடுக்குறான். எடுத்துட்டுப் போறான், விடு’ன்னாக.”

என்ன திமிர் அத்தான்! அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அதே ஓரடி முன்னால் வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றீர்கள். தண்டனையைத் தெரிந்தே வாங்கிக்கொள்ளும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? குற்றவாளிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் நான் பதினொரு வருடம் இன்பமாக இருந்தேன். அக்கா அந்த எழுத்தை மன்னிப்பு என்கிறாள். நான் புகார் மனு என்றே படிக்கிறேன். எதிரியின் பெயரை, அத்தனை படத்தின் பின்னாலும், அடுத்த தலைமுறையின் பார்வைக்கு எழுதி வைத்தீர்கள்.

இதை எல்லாம் அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அழவில்லை.

“எங்கம்மா மொகத்த அவுக அழிச்சாக. எம் புருசன் மொகத்த நீ அழிச்ச. எல்லாப் படத்துலயும் நான் மட்டும் தெளிவா நிக்கிறேன். நான் யாரு மொகத்தப் பாத்துக் கும்புடுறது?”

பானிப்பட்டில் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நடுவில் யார் வயலில் அந்தச் சண்டை நடந்தது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. நானும் தேடியதில்லை.

ஞானஸ்நானப் படத்தில் உள்ள புகையைத்தான் வெட்டிக் கல்லில் பதித்தோம். இன்று கல்லறைத் திருநாள். லென்ஸைக் கேமராவில் மாட்டி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினாள். கும்பிட வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, “படம் யாரு எடுத்தது? இம்புட்டு மோசமா?” என்றார்கள். “நான்தான்” என்றேன். ஒன்பது முறை சொன்னேன். வருடாவருடம் சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டம் நகர்ந்தபின் முழங்காலிட்டு உங்கள் முகத்துக்கு நேராக லென்ஸைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக உங்களுக்காக வளையத்தைத் திருப்பினேன். செவ்வந்தி இதழ் வந்தது. உருகி வழிந்த மெழுகு வந்தது. கல்லின் மேல் ஓடிய எறும்பின் கால் வந்தது. நீங்கள் வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். வரவில்லை.

“செத்த சீக்கிரம்ப்பா, வத்தி அணையப் போகுது” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

எடுக்காமலே லென்ஸைக் கழற்றி மூடி, அரிசி டப்பாவில் வைத்துவிட்டேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். நீங்க எங்க போயிறப் போறீக, அத்தான்?