பலகைமேல் சந்தனம்

இன்று காலை நம் காரின் சூரியப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வால் பக்கத்தில், இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில், நகக்கண் அளவு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தேன். வாசனை போய்விட்டது. எனக்கோ அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பிரபு நிமிர்ந்து, "லூசாடி நீ?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுதக் கை வருகிறது.

சென்ற வருடம் நம் கல்லூரிச் சூரியக் காரை நெடுந்தூரப் பந்தயத்துக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் அது ஒரு மலை ஏறிக் காட்ட வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எந்த மலை என்று மற்றவர்கள் யோசிப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க ஊரு மலைதான். போளூர்ல கிளம்புனா ஜமுனாமரத்தூர்ல போய் டீ குடிக்கலாம்." மின்சார வேலை முழுவதும் உன்னுடையது. ஓட்டுவது நான். குள்ளமாக, ஒல்லியாகப் பிறந்ததற்கு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அந்த ஓட்டுநர் இருக்கைதான்.

அடிவாரத்தில் உன் அப்பா கற்பூரம், எலுமிச்சை, சாமந்தி மாலை சகிதம் காத்திருந்தார். புது வண்டி என்றால் அவருக்குப் பூசை போட்டாக வேண்டும். அது டிராக்டராக இருந்தால் என்ன, வெயிலில் ஓடுவதாக இருந்தால் என்ன. அவர் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டவள் நீ. பலகையில் முன்னால், பின்னால், நடுவில் என்று உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாய். "கண்ணு பட்டுடும்டி, எத்தினி பேரு பாக்கறாங்க பாரு" என்றாய். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொறியியல் படிக்கிற அத்தனை பேரும் சுற்றி நின்று பயபக்தியோடு பார்த்தோம்.

பாதி மலைகூட ஏறவில்லை. வண்டி இழுக்க முடியாமல் திணறி நின்றுவிட்டது. மேலே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆளாளுக்கு மோட்டாரைப் பார்த்தார்கள், பேட்டரியைப் பார்த்தார்கள், பிரேக் பிடித்துக்கொண்டதோ என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். பலகைமேல் சந்தனம் எல்லார் கண்ணெதிரிலும்தான் இருந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. வண்டியில் பொட்டு இருப்பது முகத்தில் மூக்கு இருப்பது போலத்தானே நமக்கு. நீதான் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"அய்யோ, சந்தனம்டி! நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கினேன்!"

பலகையிலுள்ள தகடுகள் வரிசையாகக் கைகோத்து நிற்பவை. ஒன்றை மூடினால் அந்த வரிசை முழுவதும் மின்சாரம் சுருங்கிப்போகும். இதை எங்களுக்கு மேடை போடாத குறையாகச் சொன்னவளே நீதானே, அடிப்பாவி! துப்பட்டாவை நனைத்துத் துடைத்தாய். முதலில் சிரித்தாய். துடைக்கத் துடைக்க அழ ஆரம்பித்துவிட்டாய். அதற்குள் பேட்டரி தீர்ந்து, மேகமும் கவிந்துவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றித்தான் கீழே கொண்டுவந்தோம். அந்த வருடப் பந்தயம் அத்தோடு போயிற்று.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கண்டுகொள்ளவே இல்லை. மறுநாளே பலகையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நீளமான வரிசைகளைச் சின்னச் சின்னக் கூட்டங்களாக உடைத்தாய். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. எல்லாம் உன் கையாலேயே சால்டரிங் செய்தது. எடை ஏறுகிறது, ஒயர் ஏறுகிறது என்று பிரபு குதித்தான். நம் அணித்தலைவனுக்குக் குதிப்பது ஒன்றுதான் நன்றாக வரும் என்பாய்.

"ஏறட்டும்டா. வூட்ல ஒருத்தர் படுத்தா எல்லாருமா படுத்துக்கறோம்? மத்தவங்க எழுந்து வேலையப் பாக்கறாங்க இல்ல? வண்டியும் அப்டி இருக்கணும்" என்று நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்.

அந்தப் பெட்டிகளை மலையில் ஏற்றிப் பார்க்க நீ இல்லை. காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "வந்துட்றேன்டி. பெட்டிய எவனையும் தொட வுடாத" என்று போனில் சொன்னாய். வரவில்லை. கொசு கடித்த காய்ச்சலுக்கா ஒருத்தி போவாள்? எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு அணியில் யாருக்கும் எதிலும் கை ஓடவில்லை. கொட்டகையில் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மறுபடி அதை வெளியே எடுத்த அன்றே பிரபு ஆரம்பித்தான். "கடையில ஒரே பெட்டியா வாங்கி மாட்டிடலாம் கலை. அவ பண்ணது நடுரோட்டுல எரிஞ்சா யாரு சரி பண்றது? அவ இல்லியே இப்ப." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. "மலை ஏறட்டும். ஏறலேன்னா நீயே கழட்டிப் போடு" என்று சொல்லிவிட்டேன். வீராப்பாகச் சொன்னேனே ஒழிய, ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ உபரியாகச் செய்துவைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன், சேர்த்தேன், அது வண்டியில் மாட்ட லாயக்கில்லாமல் போகும்வரை மறுபடி மறுபடி பிரித்தேன். விரலெல்லாம் கொப்புளம். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன்.

இன்று அடிவாரத்துக்கு உன் அப்பா வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கையில் சந்தனக் கிண்ணம்.

"இன்னாம்மா, பொட்டு வெக்கலாமா, வேணாமா?"

"சக்கரத்துக்கு வைங்கப்பா. மேல மட்டும் வேணாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏறினோம். வளைவுக்கு வளைவு மர நிழல் பலகைமேல் விழுந்து விழுந்து விலகியது. நிழலில் ஒரு கூட்டம் சோர்ந்தால் மற்றவை இழுத்துக்கொண்டு போயின. வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பாதிக்கு மேல் போனபோது பெட்டிக்கு ஒன்றாக என் முன்னால் இருந்த பச்சை விளக்குகளில் ஒன்று அணைந்தது. நிழல் விலகியும் அது எரியவில்லை. பின்னால் வேனில் வந்துகொண்டிருந்த பிரபு வாக்கிடாக்கியில் கத்தினான்.

"கலை, ஒண்ணு போயிடுச்சு! நிறுத்திடு!"

"நிறுத்த மாட்டேன். மத்ததெல்லாம் ஓடினுதான் இருக்கு."

ஜமுனாமரத்தூர் கடைத்தெரு வரைக்கும் ஓடியது. நான் இறங்கினேன். பலகையைத் தூக்கினோம். ஒரு பெட்டியில் கருகிய வாடை. பிரபு அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஏறிய சந்தோஷம் அவன் முகத்தில் பாதிதான் இருந்தது. "நான் சொன்னேன் இல்ல? இப்ப இன்னா பண்றது?" என்றான்.

"தள்ளு" என்றேன்.

சால்டரிங் கம்பிக்கு வேனிலிருந்து ஒயர் இழுத்து, ரோட்டோரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். காற்று அடித்தது. பிரபு தன் சட்டையைக் கழற்றி எனக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டிக்குள் கருகியிருந்த உறுப்பைப் பிடுங்கினேன், புதிதை வைத்தேன், ஈயம் உருகியது. இணைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள். பிரபு சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "கடைப் பெட்டிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன்."

பந்தயத்துக்குப் போகிறோம். நீ செய்த பெட்டிகள் அத்தனையும் வருகின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் இப்போது என் கைவேலையும் இருக்கிறது. பார்த்தால், "இன்னாடி இது, கோழி எச்சம் போட்ட மாதிரி" என்பாய். சொல்லிக்கொள். ஆனால் பிடித்து நிற்கிறது.