கரகரத்த ஆம்ப்ளிஃபயரும் நீயும்

இன்று காலை உன் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து ஸ்விட்சைப் போட்டேன். வாரம் ஒருமுறை ஓடவிடாவிட்டால் கெட்டுவிடும் என்று நீ சொன்னது இந்த வீட்டில் சட்டம். கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறிய தூசியும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை தறி வரைக்கும் வந்தது. நெசவை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள இப்போது எனக்கு ஆள் கிடைப்பதில்லை. கேட்டவர்களெல்லாம் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்புகிறார்கள். அதனால் உன்னிடமே பீற்றிக்கொள்கிறேன்.

இசைக்குழுவில் எல்லாரும் கைக்கு அடக்கமான டிஜிட்டல் பெட்டிக்கு மாறிய காலத்தில்தான், சென்னையில் யாரோ விற்ற இந்த வால்வுக்காரனை நீ காஞ்சிபுரத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மிக்கல் கனம். வாசித்தது நீ, சுமந்தது நான். "இதுல வாசிச்சாதான்பா கிடார் பேசுது, மத்ததுல ஒப்பிக்குது" என்பாய். எனக்கு வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் தலையாட்டுவேன்.

அப்புறம் அது கரகரக்க ஆரம்பித்தது. ஐயம்பேட்டைக் கல்யாண வரவேற்பில், காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரு சத்தம். மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் குழுவுக்குத் தலைவர். நல்ல மனிதர், ஆனால் அன்று முகம் கடுத்துவிட்டது. "இத பாரும்மா, ஞாயித்துக்கெழம நம்ம தெரு கச்சேரியிலயும் இப்டி கத்துச்சுன்னா, மெட்ராஸ்லேர்ந்து வேற ஆள இட்டாந்துடுவேன். கோச்சிக்காத" என்றார். நீ "சரிண்ணா" என்றாய். கிடாரோடு குழுவில் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு உறவிலும் தெருவிலும் நீ வாங்கிய பேச்சு எனக்குத் தெரியும். அது கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

மறுநாள் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: வால்வு போச்சு. புதிதாக வாங்கிவிடலாம் என்று நானும் சொன்னேன். நீ முறைத்தாய். "எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம எதப்பா மாத்தறது?"

முதலில் கிடார் ஒயரைப் பிடுங்கினாய். கரகரப்பு நிற்கவில்லை, கிடார் மேல் பழி இல்லை என்றாய். சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் திருப்பினாய். கரகரப்பும் கூடவே அடங்கியது. அப்படியானால் கோளாறு குமிழுக்கு முன்னால், சின்ன வால்வுகள் பக்கம். அவற்றை இடம் மாற்றிப் போட்டும் சத்தம் மாறவில்லை. பிறகு மரக்கரண்டியின் காம்பால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினாய். முதல் வால்வைத் தொட்டதும் பெட்டி அலறியது. "வால்வு இல்லபா, அது உக்காந்துக்கினு இருக்கிற எடம்."

நான் ஆர்வத்தில் கையை நீட்டினேன். "கரண்ட்ட புடுங்கினாலும் உள்ள இருக்குதுபா, தூக்கி அடிக்கும்" என்று என் கையைத் தட்டிவிட்டாய். உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தை முறையாக இறக்கிவிட்டு, வால்வைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாய். இரண்டு துளைகளுக்கு நடுவே தலைமுடியை விட மெல்லிய ஒரு துணுக்கு, பாதி கருகி, பாதி பொன்னாக மின்னியது. ஜரிகை! வீட்டில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் தறிக்குப் பக்கத்தில்தான். ஆம்ப்ளிஃபயரும் அங்கேயே குடியிருந்தது. ஜரிகையில் இருப்பது வெள்ளிக் கம்பி. மின்சாரம் பாயாமல் என்ன செய்யும்? "பாத்தியா, கத்தினது உன் பொடவைதான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். துணுக்கை எடுத்துவிட்டு வால்வைத் திரும்பப் போட்டதும் பெட்டி கப்சிப்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு சுத்தமாக முடிந்தது. அண்ணன் மைக்கை மூடாமலே, "இன்னாம்மா, புது வால்வா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். நீ சொன்னாய்: "இல்லண்ணா. பெட்டி காஞ்சிபுரத்துக்கு வந்துச்சு இல்ல, அதுவும் ஜரிகை போட்டுக்கினு இருந்துச்சு." தெருவே தறிக்காரர்கள். சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமானது. பிறகு நீ தனியாக வாசித்தாய். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பிசிறு கூட இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "என் பொண்டாட்டி" என்றேன். "தெரியும்பா, இதோட மூணு வாட்டி சொல்லிட்ட" என்றார்.

அந்த நாற்காலியை அதற்குப் பிறகு உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில்கூட அண்ணன் அதை மேடையில் காலியாகப் போட்டு வைத்தார்.

நேற்று நெசவாளர் சங்கத்துக்குச் சேலை கொடுக்கப் போயிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் என் பெயரைக் கேட்டாள். நான் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒருவர், "அவரா? கிடாரம்மா வூட்டுக்காரரு" என்றார். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி, "அது சரி, உங்க பேரு இன்னாங்க?" என்றாள்.

"அதாம்மா" என்றேன்.