வேலிக்குப் பின்னால் ஓடும் ஃபால்ட்

பெடாஸ், மலேசியா,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு.

அன்பு மகள் எலெய்னுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே என் வேலையை நானே செய்துகொள்ளும் அளவுக்கு உடம்பு இருக்கிறது, அதற்கு மேல் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை யூஜினும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால் மனம் ஆறும். நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதில் பாதி உங்கள் ஊர்க் காற்றுதான் கேட்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் எழுது, பிழையில்லாமல் எழுது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ரம்புத்தான் மரத்தில் ஒரு பழம் மிச்சமில்லை, எல்லாம் குரங்குக்குப் போயிற்று, விரட்டப் போய் முழங்கால் வீங்கியதுதான் நான் கண்ட பலன். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு விமலாதான் வாளியில் கொண்டுவந்து ஊற்றினாள். அப்பா கிராணியாகக் கணக்கெழுதிய பழைய தோட்டத்து ஆபீசை இடித்துவிட்டு உரம் அடுக்கும் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பார்த்தேன், கோபம் கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

சரி, அந்த ஃபால்ட் விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு ஃபால்ட் ஓடுகிறது என்று நீ சொன்னபோது, உடனே வீட்டைக் கட்டி விற்ற டெவலப்பருக்குக் கடிதம் எழுது, சாவி வாங்கிய புதிதிலேயே கேட்டால்தான் சரிசெய்து கொடுப்பார்கள், நீலாயில் உன் பெரியப்பா மகன் வசந்தன் அப்படித்தான் வெடித்த சுவரைப் பூசி வாங்கினான் என்றேன். மாப்பிள்ளை பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. நீயும் விளக்கிச் சொல்லாமல் பேச்சை மாற்றினாய். அந்த வாரமே விமலாவிடம், நியூசிலாந்திலும் டெவலப்பர்கள் யோக்கியமில்லை என்று வேறு சொல்லி வைத்தேன். அவள் மகன் தர்மேந்திரன், ரெம்பாவ் பள்ளியில் புவியியல் வாத்தியார், சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து, "ஆன்ட்டி, அது வீட்டுக் கோளாறு இல்ல லா, பூமியோட வெடிப்பு. அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு, ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. எலெய்ன் அக்கா அளக்கிற மலையெல்லாம் அப்படி முட்டித்தான் எழும்புது" என்றான். கான்வென்ட்டில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவளுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்து வீட்டுப் பையன் விளக்குகிறான்.

சிஸ்டர் எங்களுக்குச் சொன்னது, பூமி ஆறிச் சுருங்கியது, வாடிய பழத்தின் தோல்போல மடிப்பு விழுந்தது, அதுதான் மலை என்று. அதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். தர்மேந்திரன் அதுவும் தப்பு என்கிறான். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே இறங்கினால் கடலில் கிடங்குபோல ஆழமான பள்ளம் விழுமாம், மேலே எரிமலை வரிசையாக வருமாம், இரண்டும் விட்டுக்கொடுக்காமல் நெருக்கினால் நிலம் மடிந்து மலையாகுமாம். நீ அனுப்பிய படத்தையும் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே பூமி ஆட்டத்தில் கடலடிப் பாறை ஆள் உயரத்துக்கு மேலே வந்து, பாசி காய்ந்து கிடக்கிறதே, அதைக் கடற்கரை என்று நினைத்து அழகாக இருக்கிறது என்று பதில் போட்டவள் நான்.

அதற்குப் பிறகு வந்த பயத்தில்தான் போனில் உன்னிடம் அப்படிப் பேசினேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், ஆடுகிற மண்ணில் என் பேரப்பிள்ளை பிறக்க வேண்டாம், இங்கே வராவிட்டால் நானும் அங்கே காலெடுத்து வைக்க மாட்டேன் என்றேன். நீங்க வாங்கம்மா என்று நீ சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்தேன். மூன்று வாரமாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. நமக்குள் யார் யாருக்கு இறங்குவது.

நேற்று விமலா என்னைச் சுடுதண்ணி ஊற்றுக்கு அழைத்துப் போனாள். முழங்காலுக்கு அது ஒன்றுதான் கேட்கிறது. தர்மேந்திரன்தான் கார் ஓட்டினான். நான் காலை நனைத்துக்கொண்டு, நம் ஊர் மண் ஆடாத மண், இதை விட்டு யார் போவார்கள் என்றேன். அவன் சிரிக்காமல், "ஆன்ட்டி, இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? இதுவும் ஒரு பழைய வெடிப்பு வழியாத்தான் ஏறுது. நம்ம மலைங்களும் ரெண்டு நிலம் முட்டி எழும்புனதுதான். கோடிக்கணக்கான வருஷமாச்சு, கரைஞ்சி போயி அடங்கிக் கெடக்கு" என்றான். விமலா, "அப்ப அக்கா சனிக்கிழமை சனிக்கிழமை ஃபால்ட்லதான் கால வச்சிருக்காங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காலை எடுக்கவில்லை. வலி குறைந்திருந்தது.

ஆகவே நான் வருகிறேன். அக்டோபர் கடைசியில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு நான் இங்கே இருக்க முடியாது, அப்பா போன பிறகு முதல் தடவை. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் தயங்கினேன், உன் மண் ஆடுவது பாதிதான் காரணம். அண்ணன் கல்லறையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், கூடவே ஒரு கற்பூரமும் காட்டிவிடுகிறேன் என்கிறாள் விமலா. மெழுகுவர்த்தி மட்டும் போதும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், அவள் கேட்க மாட்டாள், அப்பா கோபித்துக்கொள்ளவும் மாட்டார். பிரசவ மருந்துச் சாமான்களை உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று விசாரித்து எழுது, பொய் சொல்லிக் கொண்டுவர மாட்டேன்.

அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கச் சொல். தொட்டிலைக் கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் போடாதே. குனிந்து கருவி தூக்கிக்கொண்டு மலை ஏறியது போதும், பிள்ளை பிறக்கும் வரை அந்த மலை நீ அளக்காமலே வளரட்டும். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சிரித்ததை நான் மறக்கவில்லை என்றும் சொல்.

நான் வந்ததும் வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டு. டெவலப்பரிடம் நானே பேசிக்கொள்கிறேன், காலையும் மாலையும் ஜெபத்தில் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மரியகொரெட்டி மைக்கல்ராஜ்