சிவப்பாகத் தெரிந்த நீர்

திரியெஸ்தே,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஃபுல்வியோவுக்கு,

இங்கே நான் நலம். போரா காற்று சமையலறை ஜன்னல் கதவைப் பிய்த்துப் போட்டுவிட்டது. ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். உன் அம்மா தினமும் போன் செய்து, "பொண்டாட்டிய விட்டுட்டு புடாபெஸ்ட்ல அவனுக்கு அப்படி என்னதான் வேலை?" என்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

நீ அனுப்பிய புகைப்படம் பார்த்தேன். மிளகு பட்டாலே இருமுகிற நீ, அங்கே உன்னோடு வேலை செய்யும் இல்டிகோ பக்கத்தில் உட்கார்ந்து செக்கச்செவேலென்று மீன் சூப் குடிக்கிறாய். நான்கு வரிக்கு ஒருமுறை 'இல்டிகோ கெட்டிக்காரி' வேறு. எனக்கு வயிறு எரிகிறது, ஒளிப்பானேன்?

புரதத்தைச் சுற்றி நீர் எங்கே நிம்மதியாக இருக்கிறது, எங்கே தவிக்கிறது என்று கணக்கிட நான் எழுதிய கணினி நிரலை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளிடம் கொடுத்திருக்கிறாய். அதுதான் இன்னும் எரிகிறது.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் நீ மேடையில் காட்டப்போகும் படத்தில், புரதத்தின் குழிக்குள் இருக்கும் நீரெல்லாம் சிவப்பு. தவிக்கிறதாம், மருந்து வந்து தள்ளினால் சந்தோஷமாக வெளியேறுமாம். சரி, புரதத்தை விட்டு விலகிப் படத்துப் பெட்டியின் ஓரத்தில் கிடக்கும் நீர் ஏன் சிவப்பு? அதற்கென்ன குறை? ஒப்பிடுவதற்காக என் நிரலில் இருக்கும் வெறும் நீரின் ஆற்றல், கணினியில் நாம் பயன்படுத்திய நீர் மாதிரிக்கு உரியது. உன் கெட்டிக்காரி ஓட்டியதோ வேறொரு நீர் மாதிரியை. அந்த எண்ணை மாற்றவே இல்லை.

லேபில் துய்லியோவிடம் சொன்னேன். "வாய மூடிட்டு இரு ஓர்னெல்லா. மேடையில மூக்கு உடைஞ்சா தன்னால வீட்டுக்கு ஓடி வந்துடுவான்" என்று சிரித்தான். பேச்சு நன்றாகப் போனால் கோடை முடியும்வரை அங்கேயே இருப்பேன் என்று எழுதியவன் நீ. அதனால் நேற்று முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நீ அத்தனை பேர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

நீ அனுப்பிய கோப்புகளை, எண்ணை மாற்றி நானே மறுபடி ஓட்டினேன். ஓரத்து நீரின் சிவப்பு போய்விட்டது. குழி நீரும் அப்படித்தான். புதிய படத்தை இணைத்திருக்கிறேன். கண்டுபிடித்தது யார் என்று இல்டிகோவிடம் சொல். கட்டாயம் சொல்.

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதினேன். உன் பேச்சு நல்லபடியாக அமையட்டும். அந்த நீர் தன் இடத்தில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஃபுல்வியோ. தயவுசெய்து அதைத் தள்ளிவிட்டு அங்கே வேறு எதையும் வைக்கப் பார்க்காதே.

உன்,
ஓர்னெல்லா