பகலில் ஒரு லாரி வேண்டும்

24 மே 1999, திங்கள்

கனரக வாகன லைசென்ஸ் டெஸ்டுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூன் 11, காலை பத்து மணி. வண்டியை நாமே கொண்டுவர வேண்டுமாம். "எங்கிருந்து?" என்று கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "வீட்டிலிருந்து" என்றார். மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன்.

பள்ளி ஜூலை முதல் தேதி திறக்கிறது. நான் ஓட்டிய வேனை விற்றுவிட்டு பஸ் வாங்கியிருக்கிறார்கள். பிரின்சிபல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஹெவி லைசென்ஸ் இருந்தா பஸ் உங்களுக்கு, டேவிட்சன். இல்லேன்னா வேற ஆள்." கரோல் பாக் அச்சகம் மூடியபோது, பிழை திருத்திக்கொண்டிருந்த நான் வேன் ஓட்டுபவனானேன். அடுத்து என்ன ஆகலாம்? நாற்பத்து மூன்று வயதில் அதிகம் மிச்சமில்லை.

27 மே

டிரைவிங் ஸ்கூல் குப்தாவைப் பார்த்தேன். கற்றுக்கொண்ட லாரியையே டெஸ்டுக்குத் தருவார் என்று நம்பியிருந்தேன்.

"அது பதினைஞ்சு வருஷம் தாண்டின வண்டி, பாயி சாப். கோர்ட் ஆர்டர். கேட்டைத் தாண்டினா புடிச்சிட்டுப் போயிடுவான்."

ஆக, தெருவுக்கே வர முடியாத லாரியில், தெருவில் ஓட்டுவது எப்படி என்று இரண்டு மாதம் படித்திருக்கிறேன். காம்பவுண்டுக்குள் மூன்றாவது கியருக்கு இடமில்லை. அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்வி.

30 மே

டிரான்ஸ்போர்ட் நகர். கண்ணுக்கெட்டிய வரை லாரிகள். ஒரு சர்தார்ஜி டீ வாங்கிக் கொடுத்து முழுக்கதையையும் கேட்டார். "தரேன் மாஸ்டர்ஜி. ஆனா பகல்ல ஊருக்குள்ள லாரிக்கு நோ என்ட்ரி. டெஸ்ட் எத்தனை மணிக்கு?"

"காலை பத்து."

அவர் சிரித்திருக்கலாம். தோளில் கை வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

லாரி ஓட்டத் தெரியும் என்று நிரூபிக்க, லாரி வரக்கூடாத நேரத்தில் லாரியோடு வரவேண்டும். இரண்டு விதிகளிலும் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பார்த்துவிட்டேன்.

31 மே

இன்பராணி டூட்டிக்குக் கிளம்பும்போது: "ஏங்க, லாரி தேடுறதுக்குன்னு ஒரு லைசென்ஸ் இருந்தா இந்நேரம் வாங்கிருப்பீங்க."

ஒரு நர்ஸ் சம்பளத்தில் எத்தனை நாள் – வேண்டாம். எழுதினால் உண்மையாகிவிடும்.

4 ஜூன்

பகலில் ஊருக்குள் வரும் பெரிய வண்டி எது? வாளியோடு வரிசையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னாலேயே நின்றிருந்தது. தண்ணீர் டேங்கர்! குழாய் வறண்டதிலிருந்து எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்குத் தினம் ஒரு நடை வரும். டிரைவர் ஜஸ்பீருக்கு ஆட்சேபம் இல்லை. "உங்க செக்ரட்டரி சரின்னு சொல்லட்டும்."

5 ஜூன்

செக்ரட்டரி ஜகந்நாதன் மத்திய அரசில் ஓய்வுபெற்றவர். முதல் கேள்வி, இதற்கு முன்னுதாரணம் உண்டா என்பது.

"இது நூத்தி இருபது குடும்பம் குடிக்கற தண்ணி, டேவிட்சன்."

"டெஸ்ட் முடிஞ்சதும் நேரா இங்கதான் சார் வரும். ஒரு சொட்டு சிந்தாது."

"சிந்தினா?"

சிந்தாது என்று மறுபடியும் சொன்னேன். சரி என்றார். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

10 ஜூன்

ஜஸ்பீர் காலி டேங்கரில் மூன்றாவது கியரைக் காட்டினான். இருக்கிறது. 

11 ஜூன்

டெஸ்ட் மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நிரம்பிய டேங்கரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் பெண்கள். கையில் வாளி, கேன், ஒரு குழந்தையின் குளியல் தொட்டி. மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஜுக்கிகளில், குடிசைகளில், இருப்பவர்கள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம். அவர்களுக்கு டேங்கர் என்றால் டேங்கர்.

"அரே, இது டெஸ்ட் வண்டி!" என்று கத்தினான் ஜஸ்பீர்.

"பண்ணிக்கோ பையா, யார் வேணாங்கறா?" என்றாள் ஒருத்தி. "ரொப்பிட்டுப் போயிடறோம்." இன்னும் நாலு பேர் முன் சக்கரத்தருகே உட்கார்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டிய எடு. இல்லேன்னா மறு தேதி ஆகஸ்ட்."

ஆகஸ்டில் பஸ்ஸை வேறொருவன் ஓட்டிக்கொண்டிருப்பான். ஹாரன் அடித்தேன். யாரும் அசையவில்லை. குழாயைத் திற என்று ஜஸ்பீரிடம் சொன்னேன். நான்தான் சொன்னேன் – வேலைக்காகவா, அந்தக் குளியல் தொட்டிக்காகவா? இரண்டாவதை எழுத ஆசை. முதலாவதுதான்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். தன் பாட்டிலையும் நீட்டினார்.

காலி வண்டி. எட்டுப் போட்டேன், பின்னால் எடுத்தேன். பாஸ்.

சொசைட்டிக்குள் நுழைந்தபோது வரிசை கேட் வரை நின்றது. ஜஸ்பீர் இறங்க மறுத்துவிட்டான். நான் இறங்கி நடந்ததைச் சொன்னேன். ஜகந்நாதன் கேட்டுக்கொண்டே டேங்கரின் குழாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். 

12 ஜூன்

படிக்கட்டில் என்னைக் கண்டதும் காலி வாளியோடு திரும்பிக்கொள்கிறார்கள். இன்பராணி ஆஸ்பத்திரியிலிருந்து பிடித்துவந்த தண்ணீரில் ஒரு கேனை ஜகந்நாதன் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மாலையில் கேன் வாசலிலேயே இருந்தது. காலியாக.

1 ஜூலை

முதல் நாள். எங்கள் கேட்டில்தான் முதல் நிறுத்தம். ஜகந்நாதன் பேத்தி ஸ்ம்ருதியோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் தட்டினார். பிறகு ஏறி, எனக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் அவளை உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலை அவள் மடியில் வைத்து, எனக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. யார் கேட்டாலும் குடுக்காதே."