முனையில் குத்திய எலுமிச்சை

சனிக்கிழமை, ஈப்போ.

பல வருட ஆசை. இடைக்கால ஐரோப்பிய வாளை அசலைப் போலவே அடித்துச் செய்த நகல் இன்று வந்தது. தூக்கியபோது அதன் எடை தோள்வரை இனித்தது. குளித்துவிட்டு வந்தால் முனையில் எலுமிச்சம்பழம். எஸ்டேட் கோயிலில் முனியாண்டி சாமியின் அரிவாளுக்குக் குத்துவதுபோல் அம்மா குத்தியிருந்தார். புளிப்பு பட்டால் எஃகு கறுத்துவிடும். பிடுங்கினேன், வீணாக்க மனமில்லாமல் தேநீரில் பிழிந்து குடித்துவிட்டேன்.

"பழம் எங்கடா?" என்றார் அம்மா.

"தேத்தண்ணில புழிஞ்சிட்டேம்மா."

அம்மா திட்டவில்லை. "அது சாமிக்குக் குத்துனதுலா," என்று மட்டும் சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசினார்.

வாளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அதில் கறையே இல்லை. இரண்டு முறை பல் துலக்கியும் என் நாக்கில்தான் புளிப்பு போகவில்லை.